எதை முன்கூட்டி முடிவு செய்வது? மென்பொருள் திட்டங்களின் மூன்று வழிகள்

2015 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரிக்கான கணினி அமைப்பைக் கட்டித் தரும் ஒப்பந்தம் இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மதிப்பு சுமார் 1,380 கோடி ரூபாய். அன்றைக்கு ஜி.எஸ்.டி. என்ற வரியே சட்டத்தில் கிடையாது. அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது ஓராண்டு கழித்து, 2016 செப்டம்பரில். ஜி.எஸ்.டி. கவுன்சில் முதன்முதலாகக் கூடியதும் அந்த மாதம்தான். மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 2017 ஏப்ரலில் வந்தது. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பது பெரும்பாலும் தீர்மானமானது மே மாதம் ஸ்ரீநகரில் நடந்த கூட்டத்தில். ஜூலை 1 நள்ளிரவில் நாடு முழுவதும் அமலுக்கு வந்துவிட்டது.

வணிகர் மாதந்தோறும் மூன்று படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. விற்றவர் 10ஆம் தேதிக்குள் தன் பில்களை ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் ஏற்ற வேண்டும். வாங்கியவர் அவற்றைச் சரிபார்த்து 15ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-2 தர வேண்டும். இரண்டும் பொருந்திய பிறகு 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3. வரி ஏய்ப்பைப் பிடிக்க இதைவிடச் சீரான ஏற்பாட்டைத் தாளில் எழுதுவது கடினம். ஆனால் தாளில் இருந்த வணிகர் வேறு, சிவகாசியிலும் திருப்பூரிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வணிகர் வேறு. முதல் மாதங்களில் கடைசித் தேதி நெருங்கும்போதெல்லாம் இணையதளம் திணறியது. ஆடிட்டர் அலுவலகங்கள் இரவெல்லாம் விழித்திருந்தன. 2017 நவம்பர் 10 அன்று குவஹாத்தியில் கூடிய கவுன்சில் ஜி.எஸ்.டி.ஆர்.-2, 3 இரண்டையும் நிறுத்தி வைத்தது. தொடக்க மாதங்களுக்கு மட்டும் என்று தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட 3பி என்ற எளிய படிவமே நிலைத்துவிட்டது. மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடியாகக் கருதப்பட்ட பில் பொருத்தும் முறை, மக்கள் கைக்கு வந்த சில மாதங்களிலேயே நின்றுபோனது.

இதை ஒரு நிறுவனத்தின் குறையாகப் பேசுவது எளிது, நியாயம் இல்லை. எதைக் கட்ட வேண்டும் என்பது முடிவாகும் முன்பே கட்டத் தொடங்கியாக வேண்டியிருந்தது. திறப்பு நாள் அரசியல் முடிவு, அது நகராது. விதிகள் கடைசி வாரம் வரை மாறின. பணமும் வரிக்கணக்கும் புழங்கும் இடம் என்பதால் தவறு செய்து கற்றுக்கொள்ள அதிக இடமும் இல்லை. எந்த முறையில் மென்பொருள் செய்வது என்ற கேள்வியின் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு திட்டத்துக்குள் அடங்கிவிட்டன.

அந்தக் கேள்வி வழக்கமாக இப்படித்தான் கேட்கப்படுகிறது: முழுத் திட்டமும் முன்கூட்டியே வகுத்துப் படிப்படியாக இறங்கும் வாட்டர்ஃபால் முறையா, சிறு சிறு துண்டுகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைலா, இரண்டும் கலந்த ஹைபிரிட்டா? ஐம்பது ஆண்டு அனுபவத்தையும் கிடைக்கும் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வடிவில் கேட்பதிலேயே கோளாறு தொடங்குவதாக எனக்குப் படுகிறது. ஒரு திட்டத்துக்குள் எடுக்கப்படும் முடிவுகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை இல்லை. பின்னால் மாற்றினால் பெரும் செலவு வைக்கும் முடிவுகள் சில. அடுத்த வாரமே மாற்றிவிடக்கூடியவை பல. முதல் வகையை முன்கூட்டியே தீர யோசித்து உறுதி செய்ய வேண்டும். இரண்டாம் வகையைப் பயன்படுத்துவோர் கையில் கொடுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எது எந்த வகை என்று பிரித்தறிவதே உண்மையான தேர்வு.

தவறாகப் படிக்கப்பட்ட வரைபடம்

வாட்டர்ஃபால் முறையின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரை. விண்வெளிக்கான மென்பொருளில் நெடுங்கால அனுபவம் உள்ளவர். 1970இல் வெளியான அவருடைய கட்டுரையில், தேவைகளைத் திரட்டுதல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, இயக்கம் என்று படிக்கட்டாக இறங்கும் ஒரு படம் இருக்கிறது. வாட்டர்ஃபால் என்ற பெயரை அவர் பயன்படுத்தவே இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் படத்தை வரைந்த கையோடு, அதை அப்படியே செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவர் எழுதிவிட்டார். சோதனைக் கட்டம் கடைசியில் வருவதால், வடிவமைப்பிலேயே தவறு இருந்தாலும் அது கடைசியில்தான் தெரியும் என்பது அவருடைய கவலை. முதலில் ஒரு சிறு மாதிரியைக் கட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை உண்மையானதைக் கட்டுங்கள், வாடிக்கையாளரை இடையிடையே உள்ளே கொண்டுவாருங்கள் என்று மீதிக் கட்டுரை முழுக்கப் பரிகாரம் சொல்கிறார்.

படம் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்களுக்கு வகுத்த 2167ஆம் எண் தரவிதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணமும் ஒப்புதலும் கேட்டது. நடைமுறையில் அது அந்தப் படிக்கட்டையே விதியாக்கியது. இரண்டே ஆண்டில், 1987இல், அத்துறைக்காக ஃபிரெட் புரூக்ஸ் தலைமையில் கூடிய குழு அதை விமர்சித்து, மென்பொருளைச் சிறிதாகத் தொடங்கி வளர்த்தெடுக்கும் முறைக்கு மாறச் சொன்னது. புரூக்ஸ், ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./360 இயக்கமுறைமையைக் கட்டிய அணிக்குத் தலைமை தாங்கியவர். மென்பொருள் கட்டுவதில் ஆகக் கடினமான பகுதி, எதைக் கட்ட வேண்டும் என்று துல்லியமாகத் தீர்மானிப்பதுதான் என்று அதற்கு முந்தைய ஆண்டே எழுதியிருந்தார்.

அப்படியானால் படிக்கட்டு முறை ஏன் இத்தனை காலம் நின்றது? மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போம் 1981இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு உண்டு. பெரிய திட்டங்களில், தேவைகளை எழுதும் கட்டத்தில் திருத்தினால் ஒரு ரூபாய் ஆகும் பிழை, பயன்பாட்டுக்கு வந்த பிறகு திருத்தினால் நூறு ரூபாய் வரை ஆகலாம். சிறிய திட்டங்களில் அந்தப் பெருக்கம் நான்கைந்து மடங்குதான். முதல் எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள், இரண்டாவதை மறந்தார்கள். அரை நூற்றாண்டு வாதத்தின் வேர் இங்கே இருக்கிறது. மாற்றத்தின் விலை நூறு மடங்கு என்றால் முன்கூட்டியே முழுக்கத் திட்டமிடுவதே அறிவுடைமை. நான்கு மடங்கு என்றால், செய்து பார்த்துத் திருத்துவதே மலிவு.

சிறு துண்டுகளின் வருகை

அஜைல் என்ற சொல் வருவதற்கு முன்பே அதன் பகுதிகள் வந்துவிட்டன. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும், சிறு அணி குறுகிய சுற்றுகளில் வேலை செய்யும் ஸ்க்ரம் முறையை 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். அதற்கான தூண்டுதல், ஹிரோடகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற ஜப்பானிய அறிஞர்கள் 1986இல் எழுதிய, கார், காமிரா போன்ற பொருள்களை உருவாக்கிய அணிகளைப் பற்றிய கட்டுரை. கென்ட் பெக், கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டுவாடா திட்டத்தில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையைச் செதுக்கினார். சோதனைகளைத் தானியங்கியாக்கி, இரண்டு பேர் சேர்ந்து நிரல் எழுதி, தினமும் ஒருங்கிணைத்தால் மாற்றத்தின் விலையையே குறைத்துவிடலாம் என்பது அவருடைய துணிவு. போமின் நூறு மடங்குக்கு அவர் தந்த பதில் அது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

அந்த அறிக்கையைப் பற்றி நிறையச் சொல்லப்பட்டுவிட்டது. குறைவாகச் சொல்லப்படுவது, அது என்ன விலை கேட்கிறது என்பது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வாடிக்கையாளர் தரப்பில் தினமும் கிடைக்க வேண்டும். சோதனைகள் தானாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உடைப்பதாகிவிடும். அணியில் அனுபவசாலிகள் போதிய அளவில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஸ்பிரின்ட் எனும் குறுகிய வேலைச் சுற்று, பேக்லாக் எனும் வேலைப் பட்டியல், ஸ்டாண்ட்-அப் எனும் தினசரிக் கூட்டம் எல்லாம் நடக்கும். பயன் மட்டும் வராது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பிறந்த அந்தச் சம்பளத் திட்டமே சுமார் 10,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் நிலைவரை வந்து, மீதிப் பேருக்கு விரியாமல், 2000இல் நிறுத்தப்பட்டது. முறை நல்லதாக இருந்தாலும் திட்டம் நிற்கலாம் என்பதை அம்முறையின் ஆதரவாளர்களே மறைக்கவில்லை.

ஆய்வுகள் எதை நிரூபிக்கின்றன?

இந்த விவாதத்தில் எண்களை வீசுவோர் அதிகம். ஸ்டாண்டிஷ் குழுமம் என்ற ஆய்வு நிறுவனம் 1994இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மென்பொருள் திட்டங்களில் 16 சதவீதம்தான் வெற்றி பெற்றன, 31 சதவீதம் பாதியில் கைவிடப்பட்டன. இன்றைக்கும் கருத்தரங்குகளில் முதல் ஸ்லைடு அதுதான். திட்டங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது அதில் தெளிவாக இல்லை என்று நார்வே ஆய்வாளர் மாக்னே யோர்கென்சன் உள்ளிட்டோர் காட்டினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதன் வரையறையே தடம் மாற்றுவது என்றார்கள். முதலில் போட்ட மதிப்பீட்டுக்குள் முடிந்தால் வெற்றி என்று வைத்தால், மதிப்பீட்டைத் தாராளமாகப் போட்டவர் எப்போதும் வெற்றியாளராகிவிடுவார்.

அஜைல் பக்கமும் நிலைமை மேலாக இல்லை. தோரே டிபோ, டோர்கேய்ர் டிங்சோயர் என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் 2008இல் அதுவரை வந்தவற்றைத் திரட்டினார்கள். 1,996 கட்டுரைகள் கிடைத்தன. அவற்றில் உண்மையான களத்தரவு கொண்ட தரமான ஆய்வுகள் 36 மட்டுமே. சான்றின் வலிமை மிகக் குறைவு என்பது அவர்களே எழுதிய முடிவு. அதன் பிறகு ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. ஆனால் ஒரே திட்டத்தை ஒரே அணியை வைத்து இரண்டு முறைகளில் கட்டிப் பார்க்க யாரிடமும் பணம் இல்லை. எனவே எந்த முறை சிறந்தது என்று ஒற்றை எண்ணால் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது நடைமுறை பற்றி ஒன்றுதான். ஹெலினா என்ற பெயரில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், பதில் அளித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏதோ ஒரு கலவையைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அந்தக் கலவை பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுத் தேர்ந்ததில்லை, வேலைப் போக்கில் சேர்ந்தது என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே சராசரிகளை விட்டுவிட்டுத் தனித்தனித் திட்டங்களை உற்றுப் பார்ப்பதே பயன் தரும்.

ஒரே வேலை, மூன்று முயற்சிகள்

ஒரே தேவையை வெவ்வேறு முறைகளில் முயன்ற அரிய சான்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதன் வழக்குக் கோப்புகள் காகிதத்தில் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்ற 2001 ஜூனில் ஒரு வெளிநிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. மூன்று மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது, எஃப்.பி.ஐ.யின் வேலையே மாறிப்போனது. தேவைப் பட்டியல் 800 பக்கத்துக்கு மேல் நீண்டது, நீண்ட பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. பழைய அமைப்பை நிறுத்திவிட்டு ஒரே வீச்சில் புதியதற்குத் தாவுவது என்பது திட்டம். திரும்பிப் போக வழி வைக்கவில்லை. 2005இல் எல்லாம் கைவிடப்பட்டது. போன பணம் சுமார் 17 கோடி டாலர்.

இரண்டாம் முயற்சி சென்டினல். 2006இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. பாடம் கற்று, நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். 2009 இறுதிக்குள் முடிப்பதாக ஏற்பாடு. 2010 ஆகஸ்டில் 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 40.5 கோடி செலவாகியிருந்தது. கைக்கு வந்தவை இரண்டு கட்டங்கள். இதே போக்கில் போனால் இன்னும் ஆறு ஆண்டும் 35 கோடி டாலரும் வேண்டும் என்று வெளியிலிருந்து மதிப்பிட்டவர்கள் சொன்னார்கள். கட்டங்களாகப் பிரித்தால் மட்டும் போதாது என்பது இங்கே தெரிந்தது. ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி வாட்டர்ஃபாலாக இருந்தால் கற்றுக்கொள்ளும் வேகம் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும்.

மூன்றாம் முயற்சியில் எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. ஒப்பந்த ஊழியர் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்து, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு அணியை உட்காரவைத்து, இரண்டு வார ஸ்பிரின்ட் முறைக்கு மாறியது. ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்ட வேண்டும். ஓராண்டில் முடிப்பதாகச் சொன்னார்கள், முடியவில்லை. 2011 அக்டோபரில் பெரிய அளவில் வைத்த ஒத்திகையில் அமைப்பு படுத்துவிட்டது. நிரல் சரியாக இருந்தாலும் கணினி வன்பொருள் சுமையைத் தாங்கவில்லை. புது வன்பொருள் வாங்கிப் பொருத்த மாதங்கள் ஆயின. 2012 ஜூலையில் எல்லா ஊழியரும் பயன்படுத்தத் தொடங்கினார்கள், ஒதுக்கீட்டுக்குள்ளேயே.

அஜைல் பிரசாரகர்கள் இந்தக் கதையின் கடைசி வரியை மட்டும் சொல்வார்கள். எனக்கு நடுப்பகுதி முக்கியம். முதல் இரண்டு கட்டங்களில் போட்ட அடித்தளம் மூன்றாம் முயற்சிக்குக் கைகொடுத்தது. முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்பந்ததாரரிடமிருந்து வீட்டுக்குள் வந்தது. வன்பொருள் விஷயத்தில், அதாவது இரண்டு வாரத்தில் மாற்ற முடியாத ஒரே விஷயத்தில், ஸ்பிரின்ட் உதவவில்லை; அதற்கு முன்கூட்டிய கணக்குத்தான் வேண்டியிருந்தது.

எதிர்ச்சான்று பிரிட்டனிலிருந்து. ஆறு வகை அரசு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தை 2010இல் அறிவித்தார்கள். அஜைலில் கட்டப்போவதாகப் பெருமையோடு சொன்னார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களோடு ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்கள், ஒப்புதல் குழுக்கள், அறிக்கைச் சடங்குகள் எல்லாம் பழைய முறைக்கு வகுக்கப்பட்டவை. 2013 அக்டோபரில் நாடு முழுக்க என்ற தேதியும் அப்படியே இருந்தது. 2013 தொடக்கத்தில் திட்டத்தை நிறுத்தி மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. அந்த செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் ஏற்கெனவே கணக்கிலிருந்து நீக்கப்பட்டதைச் சொன்னது. பிறகு துறைக்குள்ளேயே ஒரு சிறு அணி புதிதாகக் கட்டத் தொடங்கியது. ஒரு பகுதியில் சிலருக்கு மட்டும் திறந்து, பார்த்து, திருத்தி, மெல்ல விரித்தார்கள். எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர 2018 டிசம்பர் ஆனது. அந்த உதவித்தொகையின் நியாய அநியாயங்கள் வேறு விவாதம். மென்பொருளைப் பொறுத்தவரை, முறையின் பெயரை மாற்றி அதிகார அமைப்பை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

திட்டமிட்டே ஆக வேண்டிய இடங்கள்

உயிர் போகும் இடங்களில் விதிகள் வேறு. விமான மென்பொருளுக்கு டி.ஓ.-178சி, மருத்துவக் கருவிகளுக்கு ஐ.இ.சி. 62304, கார்களுக்கு ஐ.எஸ்.ஓ. 26262 என்று தரவிதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேவையும் எந்த நிரலில் நிறைவேறியது, எந்தச் சோதனையில் சரிபார்க்கப்பட்டது என்று தடம் காட்ட வேண்டும். ஆவணம் அங்கே சுமை என்று பேச முடியாது. நோயாளிக்கும் பயணிக்கும் அது காப்பு.

ஆனால் இந்த உலகிலும் சிறு சுற்றுகளுக்கு இடம் உண்டு. கட்டுப்பாட்டுக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் நாசாவின் விண்வெளி ஓடத்துக்கான முதன்மை மென்பொருளை ஐ.பி.எம். அணி 1977 முதல் 1980 வரை கட்டியது. 31 மாதங்களில் 17 சுற்றுகள். சுற்றுக்குச் சராசரி எட்டு வாரம். ஓடத்தின் தேவைகளே கட்டும்போது மாறிக்கொண்டிருந்ததால் வேறு வழி இல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். மறுபக்கம், 1996 ஜூன் 4 அன்று ஏவிய 37 விநாடியில் கோளாறாகி வெடித்த ஏரியன்-5 ராக்கெட். ஏரியன்-4இல் நன்றாக ஓடிய மென்பொருள் பகுதியை அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள். புதிய ராக்கெட் வேகமானது. அதன் கிடைமட்ட வேகம் தொடர்பான ஓர் எண், ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. ஆவணங்களுக்குக் குறைவில்லாத திட்டம் அது. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தப் பகுதியை ஒருமுறை சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றது விசாரணைக் குழு. முன்யோசனையும் செய்து பார்ப்பதும் எதிரிகள் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

எப்படித் தேர்வது?

இத்துறையில் நான் அதிகம் மதிக்கும் வழிகாட்டி, பாரி போமும் ரிச்சர்ட் டர்னரும் 2003இல் எழுதிய நூல். அணியின் அளவு, தவறினால் வரும் இழப்பு, தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் திறன், நிறுவனத்தின் பண்பாடு என்று ஐந்து அச்சுகளில் திட்டத்தைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவு எளிது. சாயாதபோது, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே அதற்கேற்ற முறையைப் போடச் சொல்கிறார்கள். கலவை முறைக்கு இதைவிடத் தெளிவான நியாயத்தை நான் கண்டதில்லை.

இந்த ஐந்தோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பேன், அதையே முதலில் கேட்பேன்: ஒரு திரை இப்படி இருக்கட்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் எத்தனை நாளில் பதில் சொல்வார்? மூன்று வாரம் ஆகும் என்றால், இரண்டு வார ஸ்பிரின்ட் வைப்பதில் பொருளே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நேர்மையாகப் பழைய முறையில் எழுதி, கையெழுத்து வாங்கி, கட்டிக் கொடுப்பது மேல்.

அடுத்து, பிரித்தல். தரவு எந்த வடிவில் சேமிக்கப்படும், வெளி அமைப்புகளோடு எப்படிப் பேசும், பாதுகாப்பு எப்படி, எவ்வளவு சுமை தாங்க வேண்டும், பழைய தரவை எப்படிக் கொண்டுவருவது, சட்டம் என்ன கட்டாயப்படுத்துகிறது — இவை முன்கூட்டி முடிவாக வேண்டியவை. படிவங்களின் ஒழுங்கு, திரைகள், அறிக்கைகள், நினைவூட்டல்கள், எந்த வசதி முதலில் வரும் என்பவை பயன்படுத்துவோரைப் பார்த்த பின் முடிவாகலாம். ஜி.எஸ்.டி. விஷயத்தில் முதல் வகைக்குக் காலம் ஒதுக்கி, பில் பொருத்தும் முறையைச் சில மாவட்டத்து வணிகர்களோடு சில மாதம் ஓட்டிப் பார்த்திருந்தால், குவஹாத்தியில் எடுத்த முடிவைச் சட்டம் எழுதும்போதே எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. விற்றவர் ஏற்றும் பில்களிலிருந்து கணினியே வாங்கியவருக்கு ஒரு பட்டியல் தயாரித்துத் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி, 2020இல்தான் வந்தது. சுமையை வணிகரிடமிருந்து கணினிக்கு மாற்றிய அந்த எளிய ஏற்பாட்டை அடைய மூன்றாண்டு ஆயிற்று.

கெட்ட கலவை ஒன்றும் உண்டு. ஃபாரெஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர் டேவ் வெஸ்ட் 2011இல் அதற்கு வாட்டர்-ஸ்க்ரம்-ஃபால் என்று பெயர் வைத்தார். தேவைகள் ஆறு மாதம் எழுதி உறைந்துவிடும். நடுவில் நிரல் எழுதுவது மட்டும் ஸ்பிரின்ட். சோதனையும் வெளியீடும் ஆண்டுக்கு இரண்டு முறை. நம் ஊரில் ஹைபிரிட் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ஒரு ஸ்பிரின்ட் முடிவில் தெரியவந்த உண்மையால் முதலில் எழுதிய ஆவணத்தை மாற்ற முடியுமா? முடியாது என்றால் அது வாட்டர்ஃபால்தான்.

நல்ல கலவைக்குப் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு ஒரு மாதிரி. ஆய்வு, முதல் மாதிரி, சோதனைச் சேவை, முழுச் சேவை என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொரு வாசலிலும் மதிப்பீடு, தேறாவிட்டால் நிறுத்தம். உள்ளே வேலை சிறு சுற்றுகளாக ஓடும். 2014இல் 10 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட கணினி ஒப்பந்தங்களை விதிவிலக்கான காரணம் இல்லாமல் போடக் கூடாது என்றும் அங்கே விதி வந்தது.

ஒப்பந்தம்தான் முறை

சென்னை, கோவை, பெங்களூரு அலுவலகங்களில் முறையைத் தேர்பவர் புராஜெக்ட் மேனேஜர் இல்லை. ஒப்பந்தம் தேர்ந்துவிடுகிறது. ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது விலை முன்கூட்டியே நிர்ணயமான ஒப்பந்தம் என்றால் வேலையின் எல்லையை உறையவைத்தாக வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் சி.ஆர். (மாற்றக் கோரிக்கை) என்ற பெயரில் பேரமாகும். டைம் அண்ட் மெட்டீரியல், அதாவது செலவான உழைப்புக்குப் பணம் என்றால் மாற்றம் எளிது, ஆனால் செலவு எங்கே நிற்கும் என்று வாடிக்கையாளருக்குப் பயம். இந்திய சேவை நிறுவனங்கள் 1990களில் உலகச் சந்தையில் நம்பிக்கை பெற்றது, வேலைமுறையின் முதிர்ச்சியை அளக்கும் சி.எம்.எம். தரநிலையின் ஐந்தாம் நிலைச் சான்றிதழ்களால். எழுதியதை எழுதியபடி, நாள் தவறாமல் செய்து தருவோம் என்ற வாக்குறுதி அது. தொலைவில் இருந்து வேலை செய்தவர்களுக்கு அதைவிட நல்ல முகவரி இருந்திருக்க முடியாது. அந்த ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதே அமைப்பில் அஜைலைப் பொருத்தும்போது இரண்டு இடத்தில் வலிக்கிறது. ஒன்று, எதைக் கட்டுவது என்று முடிவு சொல்ல வேண்டிய ப்ராடக்ட் ஓனர் அமெரிக்காவில், அணி சென்னை ஓ.எம்.ஆரில். நடுவில் ஒரு பிசினஸ் அனலிஸ்ட் அவருக்குப் பதிலாளாக உட்காருகிறார். அவரால் விளக்கம் சொல்ல முடியும், முடிவு சொல்ல முடியாது. இரண்டு, மேலே உள்ளவரிடம் முடியாது என்று சொல்லிப் பழகாத சூழல். வேலையின் அளவை அணியே மதிப்பிடும் என்பது ஸ்க்ரமின் அடிப்படை. மேலாளர் எண்ணைச் சொல்லிவிட்டு, அணி தலையாட்டினால், அந்த ஸ்பிரின்ட் இரவு வேலையில் போய் முடியும். அதன் விலையை இளம் பொறியாளர்கள் உடம்பால் கட்டுகிறார்கள். இதை முறையின் குற்றம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மதிப்பீட்டில் அணியின் சொல்லுக்கு இடம் தராத அலுவலகம் அஜைல் என்ற பெயரைப் பயன்படுத்தவே கூடாது.

அரசு டெண்டர்களில் நிலைமை இன்னும் இறுக்கம். பல இடங்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை, எஸ்.ஆர்.எஸ். என்ற தேவை ஆவணத்தில் கையெழுத்தானதும் முதல் தவணை. விதிகள் இறுக்கமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு; பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் காகிதத்துக்குப் பணம் கொடுத்தால் காகிதம்தான் முதலில் வரும்.

டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு துறைக்கு மென்பொருள் வாங்கும்போது முதல் தவணையை எஸ்.ஆர்.எஸ். கையெழுத்தோடு கட்டாதீர்கள். ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில், ஒரே ஒரு சான்றிதழுக்காக, உண்மையான விண்ணப்பதாரர்கள் பயன்படுத்தி முடித்த சேவையோடு கட்டுங்கள். தரவு வடிவம், பாதுகாப்பு, சுமை ஆகியவற்றை டெண்டரிலேயே கறாராக எழுதுங்கள், திரைகளை எழுதாதீர்கள். கேள்விக்கு இரண்டு நாளில் பதில் சொல்லும் அதிகாரத்தோடு உங்கள் துறையிலிருந்து ஒருவரை முழுநேரமும் அந்த அணியோடு உட்காரவையுங்கள். ஆறு மாதத்தில் அந்தச் சிறு சேவை தேறாவிட்டால், மீதி ஒப்பந்தத்தை நிறுத்தும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.